நடுக்கரை

ஆமா டாக்டரம்மா, உங்க புது முறை தோத்துப் போச்சுன்னே எழுதிக்கோங்க. நான் குறுக்க நிக்கப் போறதில்ல. என் எறாக் குட்டையும் செத்துச்சு, என் தம்பி குட்டையும் செத்துச்சு. அப்புறம் இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு? அட, நீங்க அந்த நாற்காலியிலயே உக்காருங்க. எனக்கு இது போதும். மேல சாக்கு போட்டிருக்கேன், முட்டிக்கு எதமாத்தான் இருக்கு.

என்னது, வாளியா? மோட்டார் ரூம்ல செவப்பு வாளி ஒண்ணு கொறையுதா? அதுக்கு நான் என்னம்மா பண்றது. எனக்குக் குடுத்தது நீலம். நீல வாளி, நீல வலை, நீல பூட்ஸு, எல்லாம் அந்த மூலையில கெடக்கு, பாத்துக்கோங்க. செவப்பெல்லாம் அவனுக்கு. இந்தத் தண்ணியில பட்டது அந்தத் தண்ணிக்குப் போகக் கூடாது, நோய் தொத்திக்கும்னு நீங்கதானே கலர் பிரிச்சீங்க.

எங்கள நீங்க பிரிக்கவே வேண்டியதில்ல. அப்பா கண்ண மூடின கையோட, ஒரே குட்டைய நடுவுல கரை போட்டுப் பிரிச்சுக்கிட்டவங்க நாங்க. ஆழமான பாதி அவனுக்கு. வாய்க்காலும் அவன் பக்கம். எனக்கு மேடு. மூத்தவனாச்சே, விட்டுக் குடுப்பான்னு பஞ்சாயத்து பண்ணவங்க சொன்னாங்க. மூத்தவனா பொறந்தது ஒரு குத்தமாம்மா? அன்னியோட எங்களுக்குள்ள பேச்சு நின்னுச்சு. இந்த நடுக்கரையில அவன் எதிர்ல வந்தா நான் கடலப் பாத்துக்கிட்டுப் போவேன். அவன் வானத்தப் பாத்துக்கிட்டுப் போவான்.

அப்பத்தான் நீங்க வந்தீங்க. கழிவத் தொறந்து கடல்ல விடாம, கண்ட மருந்தையும் கொட்டாம எறா வளக்கலாம்னீங்க. நல்லதுதான். ரெண்டு குட்டையில ஒண்ணுல புது முறை, ஒண்ணுல ஒண்ணும் கெடையாது, அப்பத்தான் வித்தியாசம் தெரியும்னீங்க. சீட்டுக் குலுக்கினீங்க. அவனுக்கு உங்க புது மருந்து விழுந்துச்சு. எனக்கு? ஒண்ணும் பண்ணாம இருக்கற வேலை விழுந்துச்சு. சிரிக்காதீங்க. வீட்டுக்காரி கேட்டா, ஆராய்ச்சியில உங்களுக்கு என்ன வேலைன்னு. சும்மா இருக்கணும்னேன். அத நீங்க கல்யாணமானதுலேருந்து பண்றீங்களே, அதுக்கு எதுக்கு ஆராய்ச்சின்னா.

சிரிப்பு சிரிப்பாத்தான் இருக்கும், கரையில நின்னு பாக்கறவனுக்குத்தான் வலி தெரியும். அந்தப் பக்கம் அவன் வெல்லப்பாகு ஊத்துறான், நல்ல கிருமின்னு நீங்க குடுத்த கரைசல ஊத்துறான். தண்ணி டீ நெறத்துக்கு வருது, எறா துள்ளுது. இந்தப் பக்கம் என் தண்ணி பாசி புடிச்சு நாறுது. நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். பஞ்சாயத்துல பண்ணதையே நீங்களும் பண்ணீங்க டாக்டரம்மா, சீட்ட வச்சுக்கிட்டு. அந்தக் கோவம் எனக்கு இருக்கு. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன், தப்பா நெனைக்காதீங்க.

சண்டையா? ஒரே ஒரு தடவ. என் குட்டையில இந்த நடுக்கரை ஓரமா ஒரு மூலை மட்டும் நெறம் மாறிக்கிட்டு வந்துச்சு. டீ நெறம். அவன் குட்டைக் கழிவ அள்ளி என் பக்கம் கொட்டுறான்னு எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுபோச்சு. கரையில ஏறி நின்னு கத்தினேன். டேய், ஆழமான பாதியையும் எடுத்துக்கிட்டு, ஒன் பீயையும் இங்கயேவா கொட்டுறன்னு. அவன் முட்டித் தண்ணியில நின்னான். வாயத் தொறந்தான். அப்புறம் மோட்டார் ரூம் பக்கம் பாத்தான், நீங்க அங்க நின்னுக்கிட்டிருந்தீங்க. வாய மூடிக்கிட்டான். குத்தமுள்ளவன் எப்படிப் பேசுவான்னு எனக்கு இன்னும் ஏறிப்போச்சு. ஒன் குட்டையும் என்னுது மாதிரியே நாறிப் போவட்டும்டான்னேன்.

போச்சு. வெள்ளைப்புள்ளி நோய் மொதல்ல என் எறாவுக்குத்தான் வந்துச்சு. காக்கா கூட்டம் கூட்டமா வந்து எறங்குச்சு. பின்னாடியே அவனுக்கும். எறா செத்து மெதந்தத பாத்ததும், தண்ணிக்குக் காத்தடிக்கற ஏரேட்டர நிறுத்தணும்னுகூடத் தோணாம உள்ள குதிச்சுட்டான். வயரு தோலுரிஞ்சு தண்ணியில கெடந்துச்சு, கரண்டு அடிச்சுடுச்சு. நீங்கதானே ஓடிப்போய் சுவிட்ச அணைச்சீங்க. நான் இங்கதான் நின்னேன், இந்தக் கரையில. எறங்கல. தூக்கறதுக்கு ஆள் இருந்தாங்க.

இப்ப கடைத்தெருவுல என்ன பேசுறாங்க தெரியுமா? பொய் மருந்த நம்பி உசுர விட்டான் பைத்தியக்காரன்னு. அவன் சம்சாரம் தண்ணிக்கொழாய்ப் பக்கம் வர்றதே இல்ல. நீங்களும் தோத்துச்சுன்னு எழுதிட்டு, நாளைக்குக் கொழாயையும் மெஷினையும் கழட்டிக்கிட்டுப் போயிடுவீங்க. கரை நெடுக எல்லாரும் பழையபடி மதகத் தூக்கிக் கழிவக் கடல்ல விடுவாங்க. விடட்டும், எனக்கென்ன.

மறுபடியும் அதையே கேக்கறீங்களே. ரெண்டு குட்டைக்கும் நடுவுல எதுவும் போகல, வரலன்னு நான் சொன்னா, தோல்வி ருசுவாயிடும். அப்படித்தானே? எழுதிட்டீங்களா? கையெழுத்துப் போட்டுடாதீங்க. கொஞ்சம் இருங்க.

நேத்து என் குட்டை நல்லா காஞ்சுது. அடிச் சேத்த வெட்டி எடுக்கலாம்னு எறங்கினேன். அந்த நெறம் மாறின மூலையில மம்முட்டி எதுலயோ டக்குன்னு முட்டுச்சு. இருங்க, எழுந்திரிக்கறேன், கால் மரத்துப்போச்சு. இந்தச் சாக்க எடுங்க. நீங்க வந்ததுலேருந்து நான் எது மேல உக்காந்திருக்கேன்னு பாருங்க.

செவப்புத்தான். கைப்பிடியில நீளமா கயிறு கட்டியிருக்கான் பாருங்க, கரையில நின்னபடியே அவன் நல்ல தண்ணிய என் பக்கம் சத்தமில்லாம எறக்கி ஊத்தறதுக்கு. நான் இருமிக்கிட்டு வெளிய வந்திருப்பேன், கயித்த விட்டுட்டு ஓடியிருப்பான். ஒரு நடையில மூலை நெறம் மாறுமா? எத்தன நடை நடந்தானோ. என் தண்ணியில முங்கினதக் கொண்டுபோய்த்தானே திரும்பவும் அவன் தண்ணியில முக்கியிருப்பான், நோயும் அதோட போயிருக்கும்.

உங்க மருந்து தோக்கல டாக்டரம்மா. அண்ணன் குட்டை கண்ணெதிர்ல சாகறதப் பாக்க முடியாத ஒருத்தனுக்கு நீங்க அத விழ வச்சுட்டீங்க, அவ்வளவுதான். எழுதினத அடிச்சுட்டு இத எழுதுங்க. விதிய மீறினான்னு அவன் பேரு வருமா? வரட்டும். ஏமாந்தவன்னு சொல்றதுக்கு அது தேவல. அண்ணனுக்காக மீறினான்னு சேத்து எழுத எடம் இருக்கா? இல்லையா? சரி.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. காலையில எழுந்ததும் இந்தக் கரைக்கு வந்து அவன வாய்க்குள்ளயே திட்டறதுதான் எனக்குப் பொழுது விடியறது. அவன எடுத்துக்கிட்டுப் போன அன்னிக்கும் திட்டினேன். நாளைக்கு இங்க வந்து நின்னு நான் என்னத்தம்மா சொல்றது?