ரெண்டு முன்னாள்

— ரெண்டு 'முன்னாள்' போட்டா படம் சின்னதாயிடுங்க. சின்ன சைஸ் போஸ்டர் இது.

— படத்தச் சின்னதாக்கிக்க, கலந்தர் பாய். முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். ரெண்டும் வேணும்.

— கண்ணீர் அஞ்சலில சனங்க மொகத்தத்தான் பாப்பாங்க. எழுத்த யாரு...

— எங்கண்ணன் மொகம் இப்ப மன்னார்குடில யாருக்குத் தெரியும்? பதவி போயி இருவத்தஞ்சு வருஷம். எழுத்து இருந்தாதான் துரைராசுன்னு தெரியும்.

— நீங்க தம்பிங்களா?

— ம்... கூடப் பொறந்தவன்.

— பார்டர் என்ன கலருங்க?

— அதான்... மெட்ராசுல இருந்தப்ப ஒரு கட்சி. டெல்லிக்குப் போனப்ப வேற.

— அப்புறம் மூணாவதா ஒண்ணுல நின்னு டெபாசிட்...

— அத ஏன் இப்ப கேக்குற.

— மூணு கலரும் போட்டா மிட்டாய்க் கடை போர்டாயிடுங்க. எந்தக் கட்சிக்காரங்க மாலையோட வருவாங்க, அதச் சொல்லுங்க.

— ...கருப்பே போடு.

— டெல்லில செஞ்சதப் பத்தி ஒரு வரி?

— பேசினாரு. எங்கூரு மதகுக்காக.

— எத்தன தடவ?

— ஒரு தடவ. ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள மணி அடிச்சு உக்கார வச்சுட்டாங்க.

— மதகு வந்துச்சா?

— வந்துச்சு. ஷட்டர் இருக்கு, பெயிண்ட் இருக்கு. அவரு பேரு பொறிச்ச கல்லும் இருக்கு... அதுலதான் துணி தொவைக்கிறாங்க.

— மன்னிச்சுக்கங்க, சிரிப்பு வந்துடுச்சு.

— சிரி. நானும் மொதல்ல சிரிச்சேன். அதுக்குத்தான் கேக்குறேன்... இந்த ஒரு தாள்லயாவது ரெண்டு 'முன்னாள்'உம் இருக்கட்டும். ஒரு நா செவுத்துல நின்னாப் போதும். மறுநா மாடு தின்னட்டும்.

— தோற்றம்?

— நாப்பத்தெட்டு, ஐப்பசி.

— மறைவு?

— அத... காலியா விடு. சொல்லி அனுப்புவாங்க.

— யாருங்க?

— அண்ணன் மவன் தமிழரசன் இருக்கானே, கவுன்சிலரு. அவன் வந்து வாங்கிக்குவான். என்ன பாய், கீபோர்டுலேருந்து கைய எடுத்துட்ட? அடி.

— ஐயா... நீங்க வந்து உக்காந்தப்பவே அடையாளம் தெரிஞ்சுதுங்க. சொல்லத்தான் வாய் வரல. தை மாசம் நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்பவே உங்க மகன் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஆயிரம் அடிச்சு வாங்கிட்டுப் போயிட்டாரு. தேதிய மட்டும் கையால எழுதிக்கிறேன்னாரு. பதவி ஏதும் போட வேணாமான்னு நானே கேட்டேங்க... 'கவுன்சிலர் தமிழரசனின் தந்தை', அது போதும்னுட்டாரு.