ஓடுபாதை விளக்கும் சாப்பாட்டு மேசையும்

...ஓடுபாதை விளக்கயெல்லாம் பூசணிக்கா அளவுக்குப் பெருசாக்கிட்டேன் வில்மா! அப்பவும் ஒரு விளக்குகூட கண்ணுல படலன்னா நான் என்னதான் பண்றது, நீங்களே சொல்லுங்க? வாங்க, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க, பனி உள்ள வருது பாருங்க. ஏணிதானே? தரேன், தரேன். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரமாச்சு, இப்பத்தான் வர்றீங்க. உக்காருங்க. ஐயோ, அதுல வேணாம், அது துணை விமானி சீட்டு!

என்ன அப்பிடிப் பாக்குறீங்க? ஆமா, சாப்பாட்டு மேசைதான், இதுமேல வெச்சுத்தான் விமானம் ஓட்டுறேன். கம்ப்யூட்டர் விமானம்னு லேசா நெனச்சிறாதீங்க. மழ பேஞ்சா கண்ணாடில தண்ணி வழியும்! எங்க வீட்டுக்காரி லொரெட்டாவுக்கு இதெல்லாம் எங்க புரியுது? வியாழக்கிழம தேங்ஸ்கிவிங் விருந்து. அவ அக்கா குடும்பமே வருது. "வான்கோழிய எங்க வெக்க, உன் தலையிலயா?"ங்குறா. கடைசில ஒரு ஒப்பந்தம். நம்ம ஊர் விமான நிலையத்துல, ராத்திரி இருட்டுல, இன்னிக்கு ஒரே ஒரு தடவ ஒழுங்கா எறக்கிட்டா மேசை எனக்கு. சோளக்காட்டுல விழுந்தேன்னா எல்லாத்தையும் கார் ஷெட்டுக்குத் தூக்கிறணும். நெப்ராஸ்கா குளுருல கார் ஷெட்டு! வெரல் வெறச்சுப் போயிராது?

விழுந்துக்கிட்டேதான் இருக்கேன். ஒமாஹா மாதிரி பெரிய ஊர்ல எறங்குனா ஜெகஜோதியா இருக்கு. நம்ம ஊர்ல மட்டும் கும்மிருட்டு. இத செஞ்சவன் சரியான கஞ்சன்! கம்ப்யூட்டர் திரைல வெளிச்சத்த ஏத்துனேன், ஒண்ணும் தெரியல. தரையக் கறுப்பாக்குனேன்... ம்ஹூம். ஜன்னல்ல போர்வையக் கட்டுனேன். அது எங்க கல்யாணத்துக்கு வந்த போர்வையாம், அது வேற சண்ட...

என்ன? அந்தச் சின்ன நிலையத்துல ராத்திரி யாரு விளக்குப் போடுவாங்கன்னா கேக்குறீங்க? அட, இதுகூடவா தெரியாது! அங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. விமானியே மேலேர்ந்து போட்டுக்கணும். ரேடியோல பேசுற பொத்தான் இருக்குல்ல? மூணு தடவ அமுக்குனா மங்கலா எரியும், ஏழு தடவ அமுக்குனா பளீர்னு! நெசத்துல எப்பிடியோ அப்பிடியே இதுலயும். அந்தப் பொத்தான... அமு...

ம்? ஒண்ணுமில்ல. தொண்ட கமறிச்சு.

கொஞ்சம் கிட்ட வாங்க. லொரெட்டா சமையக்கட்டுல இருக்கா. அந்தப் பொத்தான் ஒயர நாந்தான் புடுங்கிப் போட்டேன். இன்டர்நெட்டுல என்கூடச் சேந்து பறக்குறானுங்களே, அதுல ஒருத்தன், "வெர்லின், நீ வாய மூடுனாத்தான்டா நாங்க எறங்க முடியும்"னுட்டான். ரோஷம் வந்துருச்சு. இனிமே எவன்கிட்டயும் பேசப் போறதில்லன்னு... ஏங்க, சிரிக்காதீங்க!

இந்தா, சொருகியாச்சு. லொரெட்டா! வா, வந்து பாரு இந்த அழக! எறங்குறேன்... எறங்குறேன்... அஞ்சு, ஆறு, ஏழு!

ஐயய்யோ! கண்ணு! ஒரே வெள்ளையா இருக்கே, எது பாதை, எது வானம்? ஏத்துன வெளிச்சம் பூராவும் சேந்து எரியுதே! வில்மா, கொறைங்க, கொறைங்க... அது இல்ல, அது சக்கரம்! சக்கரத்த உள்ள இழுத்துட்டீங்களே!

...சோளம்தான்.

லொரெட்டா, இரு. மேசை விரிப்ப அப்பறம் விரிக்கலாம், நான் இன்னும் சீட்டுலேர்ந்தே எறங்கல! வில்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா...

ஏங்க, நீங்க எதுக்கு அந்தக் கம்ப்யூட்டர் திரைய ஒரு பக்கம் புடிச்சுத் தூக்குறீங்க?