சச்சிக்குச் சொன்ன சொல்

2025 ஜனவரி 22, புதன்.

நேற்றைய பதிவில் ஒரு பிழை. விதுர்சன் சொன்ன சொல் 'போறன்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அவன் சொன்னது 'வாறன்'. இன்று வகுப்பு இடைவேளையில் கூடப் படிக்கும் நிலாணி திருத்தினாள். "போறன் எண்டு சொல்லியிருந்தா இந்தக் கதையே இல்லை." ஆகவே முழுவதும் மறுபடி, ஒழுங்காக.

நேற்றிரவு பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வகுப்பு முடிந்து வந்த நாங்கள் ஐந்து பேர் குளிரில் ஒடுங்கி நின்றபோது அவள் சொன்னது. நடந்தது அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் விதுர்சனுக்கு.

அது நடந்த அன்று இரவு ஒன்பதே முக்கால். எங்கள் அஜின்கோர்ட் பகுதிக்கு வடக்கே, பண்டகசாலைகள் மட்டும் உள்ள வீதி. பனி கொட்டி ஓய்ந்திருந்தது. ஒரு காரும் இல்லை...

விதுர்சன் பேஸ்போலில் கட்சர். எறிபவனுக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவன். பதினொரு வருடம், ஒன்பது ஊர், எல்லாம் சின்னக் குழுக்கள். யாருக்காவது விரல் முறிந்தால் இவனைக் கூப்பிடுவார்கள். விரல் பொருந்தியதும் அனுப்பிவிடுவார்கள். பெரிய குழுவின் சட்டையை ஒருநாளும் போட்டதில்லை. வயது முப்பத்திரண்டு, இரண்டு முழங்காலும் வீக்கம். ஆனாலும் ஒரு குழு இன்னும் ஒரே ஒரு பருவத்துக்குக் கேட்டிருந்தது. விடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். முழங்கால் தாங்குமா என்று பார்க்கத்தான் அந்த நேரத்தில் பயிற்சிக் கொட்டகையைத் திறந்தான்.

இடது கையில் கிளவை, பந்து பிடிக்கும் தோல் கையுறையை, மாட்டி, பந்து எறியும் மெஷினை ஓடவிட்டுக் குந்தினான். பத்துப் பந்துதான். முழங்காலுக்குள் மணல் அரைபட்டது. மெஷினின் வயரைக் கழற்றினான். விளக்குகளை அணைத்தான். தலைக்கு மேல் ஒன்று மட்டும் மிச்சம்.

அப்போதுதான் மணந்தது... ஊரிலிருந்து வரும் நோவுத் தைலம், சித்தாலேப.

"அப்ப அது எங்கட பேய்தான்," என்றான் தரிப்பிடத்தில் என் பக்கத்தில் நின்ற றிஸ்வி.

சச்சிதானந்தன் தோளில் பூசுவது அது. பத்து வயதிலிருந்து விதுர்சனுக்குப் பந்து எறிந்தவன். கார்த்திகையில் கார் விபத்தில் போய்விட்டான். உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில், பெட்டிக்குள் கிடந்தவனின் கையைத் தொட்டு, விதுர்சன் வழக்கம்போல, "சரி மச்சான், வாறன்," என்றான். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் சொல்வதுதான். செத்தவீட்டில் மட்டும் சொல்லக் கூடாது, பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும். இந்தப் பனி நாட்டில் பிறந்தவனுக்கு அது தெரியாது. தாய் சந்திரவதனா அவன் கையைக் கிள்ளினாள். அதற்குள் சொல்லிவிட்டான்.

அந்த மணத்துக்குள் நின்றவன் ஏனோ மறுபடி குந்தினான். தொடைகளுக்கு நடுவே இரண்டு விரலை நீட்டினான். சச்சிக்குக் காட்டும் குறி. கடைசி நேரத்தில் இடப்பக்கம் விழும் பந்து.

டப்.

கிளவுக்குள் பந்து. கடைசி நேரத்தில்தான் இடப்பக்கம் விழுந்தது.

வயர் கழற்றியபடியே தரையில் கிடந்தது. எழும்பி ஓடியிருக்கலாம். ஆனால் முழங்கால் நோகவில்லை. பல வருடத்துக்குப் பிறகு கொஞ்சமும் நோகவில்லை. ஒரு விரல். டப். மூன்று விரல். டப். விடிந்ததும் ஓம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தான். உள்ளங்கை மரத்த பிறகுதான் கவனித்தான்... எறிவதற்கு முன் சச்சி இழுத்துவிடும் அந்த மூச்சு, ஒவ்வொரு பந்துக்கும் கொஞ்சம் கிட்ட வந்துகொண்டிருந்தது. இருபது அடி. பத்து அடி.

பிறகு காதோரம்.

"வாறன் எண்டு சொன்னனீ."

கிளவைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். விடியமுன்னமே அந்தக் குழுவுக்கு இல்லை என்று எழுதி அனுப்பினான். பதினொரு வருடம் ஒரு வரியோடு முடிந்தது.

"அதோட விட்டுட்டுதோ?" என்று அஸ்ரா கேட்டாள்.

பஸ்ஸின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. நிலாணி பையைத் தோளில் மாட்டினாள். போன ஞாயிறு அவனிடம் தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டியபோது இடது உள்ளங்கையைப் பார்த்தாளாம். பந்தின் தையல் சிவப்பாகப் பதிந்திருந்தது. பழைய தடத்தின் மேல் புதியது.

"ராவில பந்து வெறுங்கையில பட்டா நோகுதாம்," என்றாள். "திரும்பப் போய்க் கிளவை எடுத்துக்கொண்டு வந்திட்டான். இப்ப அதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறவன்."

நாளை: வகுப்பு இல்லை. பின்னேரம் ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு மகேஸ்வரன் அங்கிளின் உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள். பூ வாங்குவது. நேரத்துக்குப் போவது. வெளியே வரும்போது வாய் திறக்காமல் வருவது.