வீட்டு இலக்கம் கட்டாயம்

பதுளையிலிருந்து தெமோதரை போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்தவர் திடீரென்று கத்தினார்.

“பொணத்துக்கிட்ட வீட்டு நம்பர் கேக்குற கம்ப்யூட்டர எந்த மடையன் செஞ்சான்க்கா?”

அவர் இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் ஒரு மலர்ச்சாலையில் பிரேத வண்டி ஓட்டுபவர். பக்கத்தில் இருந்த பெண் அங்கேயே கணினியில் வேலை செய்பவர். இது போகப் போகப் புரிந்தது.

“மொதலாளி கொழும்புல இருந்து கூட்டிட்டு வந்த கன்சல்டன்ட் செஞ்சது, தம்பி. எல்லாக் கட்டத்தையும் நெரப்பினாத்தான் வண்டி கெளம்ப உத்தரவு வரும்.”

“தேயிலைத் தோட்டத்து லயத்துல ஏதுக்கா வீட்டு நம்பர்? தோட்டத்துப் பேரு சொன்னா போதாதா? அந்தாளு ஒரு நாளாவது எங்கூட வண்டியில ஏறி மலைக்கு வந்து பாத்தானா?”

“அதச் சொன்னேன். வீட்டு நம்பர் இல்லாத ஆளே கெடையாதுன்னுட்டாரு.”

“நேத்து ரெண்டு மணி நேரம்! செத்துப்போன அந்தம்மாவ வண்டியில வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். உத்தரவில்லாம எடுத்தா என் வேலை போயிரும். அவங்க மகன் என் சட்டையப் புடிச்சான். அவன் எடத்துல நான் இருந்தா அடிச்சேயிருப்பேன்.”

பிறகு அவரே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“கடைசியில எப்படி விட்டுச்சு? என்ன நம்பரப் போட்டீங்க?”

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீங்க வண்டியில இருந்து போன்ல எடுத்து அனுப்பின படத்துல, அந்தம்மா கால்ல ஆஸ்பத்திரிக்காரங்க கட்டின சீட்டு தெரிஞ்சிச்சு. அதுல இருந்த நம்பரப் போட்டேன். ஒடனே கம்ப்யூட்டர்ல பச்சை விழுந்திச்சு.”