எர்த் கம்பி

கடைக்கு இருபத்தைந்து வருடமாகிறதாம், சிறப்பு மலர் போடுகிறார்களாம். முதல்நாளிலிருந்து வேலை செய்த ஆள் என்று என்னிடமும் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியும். படித்தவர்களுக்குத்தான் அது வராது.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த வருடம் பரமலிங்கம் முதலாளி புகையிலைக் கடையை மூடிவிட்டு, அதே கட்டடத்தில் கம்பியூட்டர்க் கடை போட்டார். திறப்புவிழாவன்று மொனிற்றருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரமும் காட்டினார்கள். ஐயர் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியபோது மட்டும் முதலாளி குறுக்கே பாய்ந்தார். அதன்பிறகு யார் வந்தாலும் செருப்பை வெளியே விட்டு, குழாயில் கால் கழுவித்தான் கண்ணாடிக் கதவைத் தாண்டவேண்டும். தூசி பட்டால் கம்பியூட்டர் செத்துப்போகுமாம். வட்டுக்கோட்டையிலிருந்து வந்த பென்சன்கார வாத்திமாரெல்லாம் கோயிலில் நிற்பதுபோலக் கைகட்டி நின்றார்கள். வந்த விசயம், மகளுக்குச் சாதகப் பொருத்தம் பார்ப்பது. அதற்குத்தான் அந்தப் பெட்டி.

கட்டடத்துக்கு வயறிங் செய்தவன் நான். பின்வளவில் கிடங்கு வெட்டி, கரியும் உப்பும் போட்டு, எர்த் கம்பியை இறக்கியவனும் நான்தான்.

கம்பியூட்டர் திருத்த வந்த கஜானன் உடுப்பிட்டி ஆள், இருபத்தெட்டு வயது. கொழும்பில் ஆறு மாதம் படித்ததற்கு ஒரு பத்திரம் வைத்திருந்தான். அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் கொழுவினான், செத்தவர்களின் படத்தைக் கொழுவுகிறமாதிரி. கம்பியூட்டர் திருத்துவதில் கெட்டிக்காரன், இல்லையென்று சொல்லமாட்டேன். மின்சாரம் என்றால் சுவரிலுள்ள ஓட்டையிலிருந்து வருவது என்ற அளவுக்குத்தான் அவனுக்குத் தெரியும்.

ஒருநாள் அவன் கழற்றி வைத்திருந்த பெட்டியொன்றைத் தொட்டுவிட்டேன்.

"அண்ணை, உது றேடியோ இல்லை. தலையிலை ரெண்டு தட்டுத் தட்டினாப் பாடாது."

கடை முழுக்கச் சிரித்தது. பொருத்தம் பார்க்க வந்திருந்த பாலேஸ்வரி ரீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கமுதல் அவன் அடுத்ததைச் சொன்னான்.

"முதலாளி, வயறிங் முடிஞ்சுதுதானே, உவருக்கு இனி இஞ்சை என்ன வேலை? மாதக் கடைசியோடை அனுப்பிவிடுங்கோ."

முதலாளி என்னைப் பார்க்காமல் தலையாட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை. இதை மலரில் தடித்த எழுத்தில் போடலாம்.

மாதம் முடிய நாலு நாள் இருக்க, ரீச்சர் தன் வீட்டுக் கம்பியூட்டரை ஓட்டோவில் கொண்டுவந்தார். செருகியவுடன் கடையின் பியூஸ் போனது. மாற்றினேன். திரும்பவும் போனது. உள்ளே எலி கடித்த வயரொன்று தகரத்தில் முட்டுகிறதென்று எனக்கு முதல்தரமே விளங்கிவிட்டது. எர்த் இருக்கிறபடியால் பியூஸ் போகிறது, ஆள் தப்புகிறது. எர்த் போடுவதே அதற்குத்தான்.

கஜானனுக்கு அது விளங்கவில்லை.

"உங்கடை எர்த்தாலைதான் அண்ணை பியூஸ் போகுது. அதைக் கழட்டிவிடுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறியளோ தம்பி?"

"படிச்சவன் சொல்லுறன். நீங்கள் கழட்டுங்கோ."

"தம்பி சொல்லுறதைச் செய்யும், தம்பிஐயா," என்றார் முதலாளி என்னைப் பார்த்து.

கேட்பது என் கடமை, கேட்டேன். ஏன் என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. கழற்றினேன். சுவிச்சைப் போட்டார்கள், பியூஸ் போகவில்லை.

"பாத்தியளே?" என்றான் கஜானன்.

பார்த்தேன். கடை மூடும் நேரம் என்றபடியால், சுவிச்சை நிறுத்திவிட்டு, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்பதாக ரீச்சருக்குச் சொல்லி அனுப்பினான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தான். கால் கழுவி, ஈரக்காலோடு உள்ளே போய், சுவிச்சைப் போட்டு, பெட்டியில் கைவைத்தான். சத்தம் ஒன்றும் வரவில்லை. பெட்டியைக் கட்டிப்பிடித்தமாதிரி நின்றான். "தம்பிஐயா, மெயினை நிப்பாட்டும்," என்று முதலாளி கத்தினார். மெயின் சுவிச் எங்கே இருக்கிறதென்று தெரிந்த ஒரே ஆள் நான். நடந்துதான் போனேன். எனக்கு அப்போதே முழங்கால் வருத்தம்.

பொலிஸ் வந்தது. எர்த்தைக் கழற்றச் சொன்னது அவன்தான் என்று முதலாளியும் ரீச்சரும் சொன்னார்கள். அது பொய்யில்லை. அவன் செத்த எட்டாம்நாள், எட்டுச் செலவுக்கு உடுப்பிட்டிக்குப் போனேன். அவனுடைய தாய் கனகாம்பிகை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களெண்டாலும் ஓடிப்போய் நிப்பாட்டினியளாம் அண்ணை," என்று அழுதார். பிறகு வடையும் தேத்தண்ணியும் தந்தார். சாப்பிட்டேன். மாதக் கடைசி வந்தது, போனது. என்னை ஒருவரும் அனுப்பவில்லை. இன்னும் பத்தொன்பது வருடம் அங்கேதான் வேலை செய்தேன்.

படித்தவன் சொன்னான், முதலாளி சொன்னார், நான் செய்தேன். இதில் என்மேல் பிழை பிடிக்க ஒருவராலும் முடியாது.

திருத்துகிற மேசைக்குக் கீழே தடித்த றப்பர் விரிப்பொன்று கிடக்கும். வெறுங்காலோடு நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கரண்ட் அடிக்கக்கூடாதென்று கடை திறந்த கிழமையே நான் போட்டது. கஜானன் செத்த அன்று காலை ஏழு மணிக்கே வந்து, அதை எடுத்துக் கழுவி, பின்மதிலில் காயப்போட்டேன். அது அப்படியொன்றும் ஊத்தையாக இருக்கவில்லை. அதைச் செய்யும்படி எனக்கு ஒருவரும் சொல்லவுமில்லை.