மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு போட்டோ

— நாடிய கொஞ்சம் தூக்குங்க... அய்யோ, அவ்வளவு இல்ல. அடையாள அட்டைக்கா எடுக்கிறோம்?

— நீங்கதானே தூக்கச் சொன்னீங்க!

— சரி, அப்படியே... ப்ச். கண்ண மூடிட்டீங்க, அனுஷியா.

— மறுபடியுமா? திலக்ஷன், போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. பன்விலயில இருந்து பஸ்ஸுல நசுங்கி வர்றேன், தெரியுமா?

— ஸ்டூடியோவுக்கு வர்ற பொண்ணுங்க எல்லாம் அண்ணேங்கும். நீங்க மட்டும்தான் பேர் சொல்றீங்க.

— பேர் வச்சது கூப்பிடத்தானே? பேச்ச மாத்தாதீங்க.

— நான் என்ன செய்ய? பல்லேகல கிரிக்கெட் மெட்ச்சுல பவுலர் கையவிட்டுப் பந்து போறதயே படத்துல பிடிச்சிருவேன். உங்க கண்ணு அதவிட வேகம்.

— நான் என்ன பந்தா?

— இல்ல... கண்டிக் குளத்துல நீர்க்காகத்தப் படம் எடுப்பேன். அது நம்மள மறக்கிற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். இன்னைக்கு அப்படி எடுத்துப் பாக்கலாம்னு...

— பந்து முடிஞ்சு, இப்ப காக்காயா!

— சிரிக்காதீங்க... இல்ல, சிரிங்க. ஜன்னல் பக்கம் திரும்புங்க.

— இது எதுக்கு?

— ஹோட்டல்காரங்களுக்குச் சாப்பாடு எடுக்கப் போய்க் கத்துக்கிட்டது. பக்கவாட்டுல வெளிச்சம் விழுந்தா கொத்துரொட்டிகூட அழகா இருக்கும். ஒன்னுல கத்துக்கிறது இன்னொன்னுக்கு உதவும்ங்க.

— மாப்பிள்ளை வீட்டுல கேட்டா, கொத்துரொட்டி மாதிரி எடுத்திருக்குன்னு சொல்லவா?

— அவங்க... ரொம்ப அவசரப்படுறாங்களா?

— வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டோ வரலேன்னா வேற எடம் பாப்பாங்களாம். புசல்லாவை ஆளுங்க.

— போன்ல எடுத்து அனுப்பியிருக்கலாமே.

— அம்மா விடுமா? சாரி கட்டி, பூ வச்சு, ஸ்டூடியோ படமாத்தான் தரகர் கையில குடுக்கணுமாம்.

— மாப்பிள்ளை... நல்லவரா?

— போட்டோவுல நல்லாத்தான் இருக்காரு. கண்ணத் தொறந்துகிட்டு.

— ம்... கொஞ்சம் இருங்க.

— என்ன, கெமராவக் கீழ வச்சுட்டீங்க? எடுக்கலயா?

— வெளிச்சம் சரியில்ல. இன்னொரு நாளைக்கு...

— வேணாம். மொத நாள் எடுத்த படத்தையே குடுத்துடுங்க.

— அதுலயும் கண்ணு மூடித்தானே...

— தொறந்திருந்துச்சு. நீங்க எனக்கு ப்ளேன்டீ வாங்கப் போனப்போ கெமராவ எடுத்துப் பாத்துட்டேன். நல்ல படம். ஏன் பொய் சொன்னீங்க?

— குடுத்தா அது அங்க போயிடும்... மனசு வரல. அது சரி, அன்னைக்கே தெரிஞ்சும் நீங்க ஏன் ஒன்னும் கேக்கல?

— கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பீங்க. எனக்கும் மனசு வரல.