தாளிக்காத புளிக்காச்சல்

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் காலைப் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"திங்கட்கிழமை எனக்கு ஓப்பரேஷன். ஆத்துக்காரருக்கும் குட்டிகளுக்கும் பதிமூணு நாளைக்குப் புளிக்காச்சல் பண்ணி வெச்சாச்சு. சாதத்துல பெசைஞ்சா போரும்."

"சமர்த்து மன்னி! கடுகு தாளிச்சேளோ?"

"இல்லை."

"ஏன்?"

"சாவு விழுந்த ஆத்துல பதிமூணு நாளைக்கு யாராவது தாளிப்பாளோடீ?"

"சும்மா இருங்கோ மன்னி! டாக்டர் பயமில்லைன்னாரே?"

"எத்தனை நாளைக்கு வேணும்னு சமைக்கறவளுக்குத்தானே தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மடியிலிருந்த டப்பாவை மெல்லத் திறந்தேன். காலையில் என் மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதம். கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒரு கடுகுகூட இல்லை.

மகா தைரியசாலியான நான் எறணாகுளத்தில் இறங்கவேயில்லை. அதே படகில் வீட்டுக்குத் திரும்பினேன்.